துபாயில் ராத்திரி பத்து மணிதான் எங்களுக்குச் சாயங்காலம்

"ஏன்டி, மணி பன்னெண்டு ஆகப் போவுது, இன்னுமா பச்சப் புள்ளைங்கள ஊஞ்சல்ல வச்சு ஆட்டிட்டிருக்க?"

வீடியோ காலில் அம்மா போட்ட சத்தத்தில், பக்கத்து ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்த எகிப்துக்காரப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். திருச்சியில் அப்போது மணி பதினொன்றரை, எங்களுக்குப் பத்து. காத்து கருப்பு அண்டும், பனி ஒத்துக்காது, நாளைக்குப் பிள்ளைகள் எழுந்திருக்காது என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். ஆகஸ்ட் மாத துபாயில் பனி! பதில் சொல்லாமல் போனைத் திருப்பிப் பூங்காவைக் காட்டினேன். சறுக்கு மரத்தில் பெரிய வரிசை, தள்ளுவண்டிகளில் கைக்குழந்தைகள், புல்லில் பாய் விரித்து ஃபிளாஸ்க்கிலிருந்து சுலைமானி டீ ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மலையாளக் குடும்பம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊரே முழிச்சிருக்கா?" என்றாள்.

ஆமாம்மா, ஊரே முழித்திருக்கிறது. கோடையில் இங்கே பிள்ளைகளின் கால் வெளியே தரையில் படும் நேரம் இதுதான்.

திருச்சிக்காரிக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வடகம் காயவைத்து, காக்காய் விரட்டி வளர்ந்தவள் நான். ஆனால் திருச்சி வெயிலுக்கு ஒரு முடிவு உண்டு. வாசலில் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் தரை ஆறிவிடும், காவிரிப் பக்கமிருந்து காற்றும் வந்துவிடும். இங்கே ஜூலை, ஆகஸ்டில் சூரியன் போன பிறகும் சூடு போவதில்லை, அதோடு கடல் புழுக்கம் வேறு. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், அதைத் துடைப்பதற்குள் சின்னவள் பாதி தூரம் ஓடியிருப்பாள். மதியம் வெளியே நின்ற காரில் அவளுடைய பெல்ட் கொக்கியை ஈரத்துணி போடாமல் தொட முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். உழைத்து உரமேறிய உடம்புக்கே அப்படி என்றால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

மாலுக்குத்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் பெரிய லீவு விடுவதும் அதே ஜூலை, ஆகஸ்டில். விமான டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும், ஊருக்குப் போக முடியாத வருஷங்களில் ஒரு மாலிலிருந்து இன்னொரு மாலுக்கு. மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் விளையாட்டு அரங்கு, பளபளக்கும் தரை, ஜன்னலே இல்லாத வெளிச்சம். பெரியவன் ஓடினால் காவலாளி வந்து மெதுவாகப் போகச் சொல்வார். ஓடக் கூடாது என்றால் எட்டு வயசுப் பையன் வேறு என்னதான் செய்வான்? ஆடிப்பெருக்கும் இந்த மாதங்களில்தான் வருகிறது. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம், காதோலை கருகமணி, மஞ்சள் சரடு, ஈரப் புடவையோடு சித்ரான்னத் தூக்கைத் திறக்கும் பெரியம்மா எல்லாம் மனசுக்குள் ஓட, நான் ஆறாவது மாடி அடுக்களையில் தேங்காய் சாதம் கிளறிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசி வாரம் விடியற்காலையில் தெற்கே சுஹைல் நட்சத்திரம் தெரிந்தால் வெயில் இறங்கத் தொடங்கும் என்பது இந்த மண்ணின் பழைய கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே நட்சத்திரம். அதைக் கேட்டதிலிருந்து அந்த வாரம் வந்தாலே எனக்கு ஒரு தெம்பு. இருந்தாலும் அக்டோபர் பாதிவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதுவரைக்கும் பூங்கா ராத்திரியில்தான், கடலும் ராத்திரியில்தான். 2023இல் ஜுமேரா பக்கம் பெரிய விளக்குகள் போட்டு, உயிர்காப்பாளர்களையும் நிறுத்தி, ராத்திரியில் குளிப்பதற்கென்றே கடற்கரைகளைத் திறந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் வரும் பாருங்கள் குளிர்காலம்! அந்த நாலைந்து மாதங்களுக்காக இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று தைரியமாகச் சொல்வேன். 2022இலிருந்து சனி, ஞாயிறு லீவு என்று மாறியதால் ஊரில் இருப்பவர்களோடு பேசவும் வசதி, வெளியே போகவும் வசதி. ஒரு வாரம் அப்ரா. ஒரு திர்ஹாம் கொடுத்தால் பர்துபாயிலிருந்து உப்பங்கழியைத் தாண்டி அக்கரைத் தேராவுக்கு மரப்படகில் போய்விடலாம், குளிருக்கு வந்த கடற்காக்கைகள் தலைக்கு மேலேயே சுற்றும். "காவிரி இதைவிடப் பெரிசாம்மா?" என்று பெரியவன் கேட்டான். பெரிசுடா, சித்திரையில் அதில் தண்ணீர் இருக்காது, வெறும் மணல், அதில் ஊற்று தோண்டிக் குடிப்போம் என்று சொன்னதுதான் தாமதம், அடுத்த வாரமே மம்ஸர் கடற்கரையில் உட்கார்ந்து ஊற்று தோண்டினான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரந்ததும் ஒரே கூச்சல். அள்ளி வாயில் வைத்தவன் மறுநொடியே துப்பினான், உப்பு. "உங்க ஊத்து மட்டும் எப்படி இனிச்சுது?" என்று கேட்டுவிட்டு அவன் அடுத்த குழிக்குப் போய்விட்டான். எனக்குத்தான் முக்கொம்பு மணலும், ஊற்றுத் தண்ணீரைத் துண்டில் வடிகட்டித் தரும் அப்பாவும் வந்து நின்று, அன்றைக்கு முழுக்க வேறெதுவும் ஓடவில்லை.

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே முஷ்ரிஃப் பூங்காதான். புல்வெளி பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அங்கே போக வேண்டும். மணல் மேட்டில் காஃப் மரங்கள் காடாக நிற்கின்றன. அமீரகத்தின் தேசிய மரம் அது. முதல் தடவை ஒரு கிளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பொடிப்பொடி இலை, சின்ன முள். நம் வன்னிமரமேதான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. மழையே பார்க்காத இடத்தில் வேரை ஆழத்துக்கு விட்டுக் கோடையிலும் பச்சையாக நிற்கிறது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்துச் சின்னவளும் போட்டுக்கொண்டாள்.

அந்த நிழலில் கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். சுற்றிலும் அடுப்பு மூட்டிக் கறி சுடும் குடும்பங்கள், ஒரே புகை, ஒரே மணம். பக்கத்துப் பாயில் இருந்த பாகிஸ்தானி ஆன்ட்டி பிள்ளைகளுக்கு ஒரு தட்டு கபாப் கொடுத்து அனுப்பினார், நான் புளியோதரையைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இதில் என்ன போட்டீர்கள் என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வறுத்துப் பொடித்த வெந்தயத்தில் ஆரம்பித்து நல்லெண்ணெய் வரைக்கும் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பிள்ளைகள் அவர் பேரன்களோடு மணல்மேட்டில் உருண்டுகொண்டிருந்தார்கள். ஓடாதே என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இந்தக் குளிருக்கு ஹத்தா போவதாகத் திட்டம். மலைக்கு நடுவே அணைத் தண்ணீர், அதில் துடுப்புப் படகு விடுகிறார்கள். தேங்காய் சாதம் கட்டலாம் என்கிறேன் நான், புளியோதரைதான் என்று பெரியவன் ஒற்றைக் காலில் நிற்கிறான், இவர் வழியில் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.