பாட்டில் கழுத்துல ஒரு வெள்ள வளையம்

கிருஷ்ணகிரில ஃபுட் கம்பெனில வேலைன்னு சொன்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி "மாங்கூழா?" தான். சீசன் வந்தா பெங்களூரா மாங்கா ஏத்துன வண்டி ரோட்டோரம் வரிசையா நிக்கிற ஊரு, கேக்கத்தான் செய்வாங்க. நாங்க கூழ் போடல, மாம்பழ ஜூஸ்லயும் பால்லயும் கலக்குற பிளான்ட் ஸ்டெரால் டிஸ்பெர்ஷன், அதாவது ஸ்டெராலை பொடித்துகளா தண்ணில பரவி நிக்க வெச்ச பால் மாதிரி திரவம், அதைப் போடுறோம். இதை வீட்ல புரிய வைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஸ்டெரால்ங்கறது செடிகொடில இருக்குற, பாக்க கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்குற ஒரு பொருள். சோயா எண்ணெய் ரிஃபைன் பண்ணும்போது ஒதுங்குறதுல இருந்தும் பைன் மரத்துல இருந்தும் எடுப்பாங்க. குடல்ல கொலஸ்ட்ரால் ஏற வேண்டிய சீட்ல இது துண்டு போட்டு உக்காந்துக்கும், அது உள்ள போக முடியாம வெளிய போயிடும். தினம் 2 கிராம் கிட்ட எடுத்தா எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 8ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் குறையும். கூடவே மாம்பழத்துக்கு மஞ்ச நெறம் குடுக்குற பீட்டா கரோட்டின் ஒடம்புல ஏறுறதையும் கொஞ்சம் குறைக்கும், இந்த ஸ்டெராலை மாம்பழ ஜூஸ்ல போய் கலக்குறோம்னு நெனச்சா எனக்கே சிரிப்புதான் வரும்.

1995ல ஃபின்லாந்துல இதோட சொந்தக்காரன் ஸ்டானாலை மார்ஜரின்ல போட்டு வித்தாங்க, ஆனா அது எண்ணெய்ல கரையுற மாதிரி எஸ்டரா மாத்துனது. நம்மளுக்கு வேணுங்கறது தண்ணில. வெறும் ஸ்டெரால் பவுடரை தண்ணில போட்டா காத்தை புடிச்சுக்கிட்டு மேலயே மெதக்கும், நனையவே நனையாது. களி கிண்டுறவங்களுக்கு தெரியும், மாவை அப்படியே கொட்டுனா கட்டி தட்டிரும், உடைச்சா உள்ள வெறும் மாவு இருக்கும். கேழ்வரகாவது கொஞ்ச நேரத்துல தண்ணி குடிக்கும், இது எத்தனை நாள் ஊறுனாலும் குடிக்காது. அதனால எண்ணெய்ப் பொருளை தண்ணியோட ஒத்துப்போக வைக்கிற எமல்சிஃபையரோட சேத்து உருக்கி (ஸ்டெரால் மட்டும்னா 135, 140 டிகிரி ஆகும், கூட சேத்தா கொஞ்சம் முன்னாடியே எளகிரும்), கொதிக்கப் போற தண்ணில சுத்தவிட்டு மெதுவா ஊத்தி, ஹோமோஜினைசர்ங்கற மெஷின்ல சின்ன இடுக்கு வழியா அழுத்தி மைக்ரான் சைஸ் துகளாக்கி, சட்டுனு ஆற விடணும். மெல்ல ஆற விட்டா கிரிஸ்டல் பெருசாயிடும், வாய்ல மணல் மாதிரி நெருடும்.

மொத மூணு பேட்ச் பால் மாதிரி வந்துச்சு. நாலாவதும் அப்படித்தான் வந்துச்சு, ஆனா பத்தாவது நாள் ரிட்டென்ஷன் சாம்பிளை, அதான் பின்னாடி பாக்குறதுக்குன்னு எடுத்து வெக்கிற பாட்டிலை, எடுத்தா பாட்டில் கழுத்துல விரல் அகலத்துக்கு வெள்ளையா ஒரு வளையம். குலுக்குனா கலையல, கண்ணாடிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. மைக்ராஸ்கோப்ல வெச்சு பாத்தா துகள் எல்லாம் கொத்து கொத்தா கூட்டம் சேந்து நிக்குது. ஹோமோஜினைசர் வால்வ் தேஞ்சிருச்சுன்னு கழட்ட வெச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஸ்டெரால் லாட் மாறிருச்சுன்னு சப்ளையர்ட்ட சண்ட போட்டேன், பாவம் அவரு, அதே லாட்தான். மூணு நாள் போச்சு.

அப்பதான் பாய்லர் பாக்குற அண்ணா, தர்மபுரிக்காரரு, பாட்டிலை வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு, "ஏம்மா, இது எங்க ஊட்டு போர் தண்ணி பக்கெட்ல புடிக்கிற உப்புக்கற மாதிரியே கீதே" ன்னாரு. வளையத்துக்கும் உப்புக்கறைக்கும் சம்பந்தமே இல்ல, வளையம் ஸ்டெரால். ஆனா தண்ணின்னு அவரு சொன்னதும் எனக்கு வயித்துல புளி கரைச்சிருச்சு.

எங்க ஏரியா போர் தண்ணி கடினத் தண்ணி, கால்சியம் ஜாஸ்தி. பிளான்ட்டுக்கு அது கடினத்தன்மைய எடுக்குற சாஃப்ட்னர் வழியாத்தான் வரும், நைட் ஷிஃப்ட் பையன் தண்ணில மொத்தம் எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வெச்சு பாத்து எழுதியிருக்கான், ரீடிங் எப்பவும் போலத்தான். அங்கதான் விஷயமே. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு அந்த எடத்துல சோடியத்தை விடும், அதனால சாஃப்ட்னர் வேலை செஞ்சாலும் செத்தாலும் டிடிஎஸ் ஒண்ணுதான் காட்டும். சாஃப்ட்னருக்குள்ள கால்சியத்தை புடிக்கிற ரெசின் மணிங்களை உப்புத்தண்ணி விட்டு ரீஜெனரேஷன் பண்ணாம, அதுங்க தீந்து போயிருந்திருக்கு. நாங்க போட்ட எமல்சிஃபையர் சோடியம் ஸ்டீரோயில் லாக்டிலேட், கால்சியத்தை பாத்தா அது கால்சியம் உப்பா மாறிரும், அது தண்ணில நிக்காது. துகளுக்கு மேல போத்தியிருந்த போர்வைய உருவிட்டா அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம என்ன பண்ணும்?

ரெண்டு குடுவைல சாஃப்ட்னர் தண்ணியும் ஆர்ஓ தண்ணியும் எடுத்து, கடினத்தன்மை இருந்தா செவக்குற, இல்லேன்னா நீலமா நிக்கிற இண்டிகேட்டர் ரெண்டு சொட்டு விட்டேன். ஆர்ஓ நீலமா நின்னுச்சு, இன்னொண்ணு நாவப்பழச் சாறு மாதிரி செவந்துச்சு. பையன் மொகத்தை பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா தப்பு அவன் மேல இல்ல. பேட்ச் ஷீட் எழுதுனது நானு, அதுல "தண்ணி, இத்தனை லிட்டர்" னு மட்டும்தான் இருந்துச்சு. கடினத்தன்மை எவ்வளவு, எதை வெச்சு பாக்கணும், ஒரு வரி எழுதல. அதை மேனேஜர்ட்ட சொல்லவே எனக்கு ஒரு டீ தேவைப்பட்டுச்சு.

இப்ப ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் டேங்க் ரொப்புறதுக்கு முன்னாடி குடுவை நீலமாகணும், ஆகலேன்னா வால்வ் தொறக்கக் கூடாது. சாஃப்ட்னருக்கும் ஒழுங்கா உப்பு போகுது. போன மாசம் பர்ச்சேஸ்ல இருந்து போன், "என்ன மேடம், ஊறுகாய் ஏதும் போடுறீங்களா, இவ்வளவு உப்பு மூட்ட ஆகுது?"