ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு முதல் கியர்

குன்னூரில் சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 72 படிகள். அந்தப் படிகளுக்கு ஒரு சட்டம் உண்டு: இறங்குபவர் ஓரமாக ஒதுங்க வேண்டும், ஏறி வருபவருக்கு வழி விட வேண்டும். இயற்றியவர் என் மாமனார். 28 ஆண்டுகள் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிலிண்டர் தூக்கி வருபவர் தொடங்கி, பால் பாக்கெட்டோடு வரும் என் மகன் வரை எல்லோருக்கும் இதே சலுகைதான்.

சிம்ஸ் பூங்காவில் ஒரு சுற்றுலாப் பயணி ரிமோட் ஜீப் ஒன்றை மரவேர்களின் மேல் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளில் என் நிம்மதி போயிற்று. அது ஓடவில்லை, நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒவ்வொரு சக்கரமாக யோசித்து யோசித்து வைத்தது. எனக்கு வயது 46. "பையனுக்கு" என்று சொல்லி மனைவியிடம் 5000 ரூபாய் அனுமதி வாங்கினேன். "எனக்கு வேண்டாம் அப்பா, கிரிக்கெட் மட்டை போதும்" என்று அவள் எதிரிலேயே சொன்னான் பையன். வளர்த்த கடா.

அவசரத்தில் முதலில் 1400 ரூபாய்க்கு ஒரு பொம்மைக் கடையில் ஏமாந்தேன். பெட்டியில் மலை, பாறை, தூசி எல்லாம் அச்சடித்திருந்தது. உள்ளே இருந்த வண்டிக்கோ இரண்டே குணங்கள்: செத்துக் கிடப்பது, தலைதெறிக்க ஓடுவது. இடையில் எதுவும் கிடையாது. ஸ்டியரிங்கும் அப்படியே, திருப்பினால் முழுக்கத் திரும்பும், இல்லையென்றால் நேராகப் போகும். முதல் கல்லில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அது மட்டும் வெறி பிடித்தது போலச் சுற்ற, அதன் ஜோடிச் சக்கரம் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு வண்டி சாக்கடையில் விழுந்தது.

திண்ணையிலிருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். "டிஃபரன்ஷியல், மாப்பிள்ளை. ஒரு ஜோடிச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர அமைப்பு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே எல்லாம் போகும். சேற்றில் மாட்டிய பஸ்ஸும் இப்படித்தான். இரண்டு சக்கரமும் பூட்டினாற்போலச் சேர்ந்து சுற்றுகிற வண்டியாகப் பாருங்கள். அது முதல் கியரில் ஏறுமா என்றும் கேளுங்கள்."

அன்றிரவிலிருந்து கைப்பேசியும் கையுமாக இருவரும் உட்கார்ந்தோம். டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 என்ற வண்டியின் முன், பின் டிஃபரன்ஷியல்களை ரிமோட்டிலேயே பூட்டலாம், கியரும் இரண்டு என்று படித்துக் காட்டினேன். மாமாவின் முகம் மலர்ந்தது. விலை என் பட்ஜெட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். அடுத்தது ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24. நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு அளவு, வரவேற்பறையில் புத்தகங்களை அடுக்கி ஏற்றுவதற்கு அருமையான வண்டி. ஆனால் எங்கள் சரிவில் விட்டால் புல் புதருக்குள் தேடியெடுக்கவே ஒரு ஆள் வேண்டும். அதற்கும் காசு போதவில்லை என்பது வேறு விஷயம்.

கையிலிருந்த 3600 ரூபாயில் டபிள்யூபிஎல் நிறுவனத்தின் சிறு வண்டிகள்தான் கண்ணில் பட்டன. அங்கேயும் ஒரு வழுக்கல். காரட் மூட்டை ஏற்றிப் போகும் குட்டி வேன் போலவே ஒன்று, டி12 என்று பெயர். பார்த்ததும் மனம் பறிபோயிற்று. "எத்தனை சக்கரம் இழுக்கும்?" என்றார் மாமா. தேடிப் பார்த்தேன், பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. சாலையில் வழுக்கி விளையாட நல்லது, பாறைக்கு ஆகாது. கடைசியில் அதே நிறுவனத்தின் சி24-ஐ வாங்கினோம். 16-இல் ஒரு பங்கு பிக்கப், ஒரு முழத்துக்கும் குறைவு, நான்கு சக்கரமும் இழுக்கும், விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே வேகம். "மெதுவாகப் போகிறதே" என்று குறைப்பட்டான் மகன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லாரிலிருந்து பல்சக்கரம் போட்டு ஏறுகிற ரயில் என்ன பறந்தா வருகிறது?"

முதல் நாள் பாசி படிந்த பாறையில் பாதி ஏறியதும் வண்டி முன்னங்கால்களைத் தூக்கி மல்லாந்து விழுந்தது. ஐந்து முறை. ஆறாவது முறைக்குள் மாமா 72 படி இறங்கி, டயர் கடைக்குப் போய், வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற ஈயத் துண்டுகளை ஒரு கை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டாராம். "பிக்கப்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முன் அச்சின் மேலும், முன்சக்கரங்களுக்கு உள்ளேயும் ஒட்டினோம். எடை எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பிடிமானம். வண்டி முனகிக்கொண்டே பாறையின் உச்சிக்குப் போய் நின்றது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

நேற்று மாலை, இருட்டுகிற நேரம். முன்விளக்கு எரிய, படியோரத்து ஒற்றையடிப் பாதையில் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று நின்றுவிட்டேன். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை, நிதானமாக, அதே பாதையில் மேலே வந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதன் வெள்ளைக் காலுறைகள் மட்டும் தெரிந்தன.

திண்ணையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ரிவர்ஸ் எடுங்கள். அவர் ஏறி வருகிறார்."