எறும்பு வந்த வழியும் எறும்புப் பொடி போகும் வழியும்

காபியில் செத்து மிதக்கும் எறும்பை விரலால் ஒதுக்கிவிட்டு, "எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே குடித்துவிடுவது நம் வீட்டு வழக்கம். கண் தெரிவது இருக்கட்டும். காபி கொதிக்கக் கொதிக்க இருந்தபோது விழுந்த எறும்பென்றால் அதனால் கெடுதல் ஒன்றும் வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: டம்ளருக்கு வருவதற்கு முன்னால் அந்த எறும்பு எங்கே இருந்தது?

ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு வரிசையைப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். சர்க்கரை டப்பாவில் தொடங்கும் வரிசை அலமாரிக் கம்பி, சுவர் மூலை, சுவிட்ச் பெட்டி என்று போய், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையிலோ குப்பைக் கூடைக்கு அடியிலோ முடியும். வழியில் செத்த கரப்பான், கோழி கழுவிய சிங்க், குழந்தையின் டயப்பர். இத்தனையையும் மிதித்த கால்தான் பாயசத்தில் ஏறுகிறது.

இங்கிலாந்து மருத்துவமனைகளில் திரிந்த மஞ்சள் நிறச் சிற்றெறும்புகளை ஆராய்ந்து, 1972-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சால்மோனெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகளை அந்த எறும்புகள் சுமந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த எறும்பு நம் ஊரிலும் சர்வ சாதாரணம். அதனால் எறும்பு ஏறிய எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. எறும்பின் காலில் ஒட்டுவது கொஞ்சம் கிருமிதான். அது பெருகுவதற்கு ஈரமும் சூடும் நேரமும் வேண்டும்.

உலர்ந்த சர்க்கரையில் அந்த ஈரம் கிடையாது. தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்தால் பத்து நிமிடத்தில் எறும்பு தானாக இறங்கிவிடும். காபிக்கும் பாயசத்துக்கும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவிட்டால் போதும். சோறு, காய்ச்சி ஆறிய பால், வெட்டிய பழம், தேங்காய்ச் சட்னி இவை மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்து எறும்பும் மொய்த்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடலாம். பலர் கவனிக்காமல் விடுவது குழந்தையின் பால் புட்டி நிப்பிள், இருமல் சிரப்பின் பிசுபிசுத்த மூடி, நெபுலைசர் மாஸ்க். இவற்றைக் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேலே துணி போட்டு மூடுவது எறும்புக்கு ஒரு தடையே இல்லை.

எறும்பால் உண்மையிலேயே ஆபத்து யாருக்கு என்றால், தட்டிவிட முடியாதவர்களுக்கு. கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருப்பவர், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவர்.

கைக்குழந்தை காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் பசி, வயிற்றுவலி என்று போவதற்கு முன் துணியை அவிழ்த்து, கழுத்து மடிப்பு, அக்குள், காது மூன்றையும் பாருங்கள். கழுத்து மடிப்பில் வழிந்து காய்ந்த பால்தான் எறும்பை இழுக்கும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் ஈரத்துணியால் துடைத்தால் பாதித் தொல்லை தீரும். தூளிக்கு எறும்பு தரையிலிருந்து வராது. விட்டத்திலிருந்து கயிற்று வழியாக இறங்கும். கயிற்றின் மேல்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டு அங்குல அகலத் துணியைச் சுற்றி அதன்மேல் வாசலின் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் தூசி படிந்து அதுவே பாலமாகிவிடும் என்பதால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

படுக்கையில் இருப்பவரின் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கட்டில் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டு, போர்வையைத் தரை தொடத் தொங்கவிட்டால் கிண்ணம் வைத்ததே வீண். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கிறவர்கள், கொடுத்து முடித்ததும் குழாயின் வாயையும் மூடியையும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கால் புண்ணுக்குப் போட்ட கட்டின் மேல் எறும்பு ஏறினால், கசிவு கட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்று பொருள். எறும்பை மட்டும் தட்டிவிட்டால் போதாது, கட்டையும் மாற்ற வேண்டும்.

சர்க்கரை நோய் என்றதும் இன்னொன்று. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு. ஆகவே எறும்பு வந்தால் பரிசோதனைக்குப் போங்கள், ஆனால் எறும்பு வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மாறு. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலை என்பதால் ரத்த அளவு நன்றாக இருந்தாலும் எறும்பு வரும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு குவளைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் போதும்.

காதுக்குள் எறும்பு போனால் பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி எதுவும் கூடாது. உள்ளே தள்ளப்பட்ட எறும்பு செவிப்பறையைக் கடிக்கும், அந்த வலியில் பிள்ளை தலையை உதறினால் குச்சி செவிப்பறையைக் கிழிக்கும். அந்தக் காது மேலே வரும்படி படுக்க வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை நாலைந்து சொட்டு விட்டு ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். எறும்பு செத்துவிடும். பிறகு காதைக் கவிழ்த்தால் பெரும்பாலும் எண்ணெயோடு வந்துவிடும்; வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி எடுங்கள். ஏற்கெனவே சீழ் வடிகிற காது, ஓட்டை உள்ள செவிப்பறை என்றால் எண்ணெயும் விடாமல் நேராக மருத்துவரிடம்.

கடிக்கு வருவோம். கறுப்பு சாமி எறும்பு கடிக்காது, சிவப்பு கடிக்கும் என்ற பிள்ளைப் பருவக் கணக்கு பாதிதான் சரி. கட்டெறும்பும் முசுறும் தாடையால் கடித்து அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரியும், சோப்புப் போட்டுக் கழுவினால் அடங்கும். கண்ணில் பட்டால் மட்டும் பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்களில் லட்சக்கணக்கில் பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைப் பதம் பார்த்த மஞ்சள் நிற எறும்பும் கொட்டும் வகை இல்லை, அமிலம் பீய்ச்சும் வகைதான்.

நெருப்பெறும்பு அப்படியல்ல. தாடையால் தோலைப் பற்றிக்கொண்டு பின்புறக் கொடுக்கால் கொட்டும்; ஒரே எறும்பு இடம் மாற்றி மாற்றிப் பலமுறை கொட்டும். சில பேருக்குச் சின்னக் கொப்புளம் வரும். அதை உடைத்தால்தான் சீழ் வைக்கும். பத்து நிமிடம் ஐஸ், மேலே கேலமைன், அரிப்பு தாங்காவிட்டால் பெரியவர்களுக்கு செடிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று. இன்னும் பொல்லாதது ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், தலையும் வயிறும் கறுப்பு, நடு உடம்பு மட்டும் செம்பழுப்பு. பட்டுப்போன கிளை ஓட்டையில் கூடு வைக்கும். மரக்கிளை மாடிச் சுவரில் உரசினால் வீட்டுக்குள் வந்துவிடும். இது கொட்டி உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தது இலங்கையிலும் தாய்லாந்திலும் பதிவாகியிருக்கிறது.

எந்த எறும்பு கொட்டினாலும் சரி, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, இளைப்பு, வாந்தி, கண் இருட்டுவது என்று வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செடிரிசினை நம்பிக் காத்திருக்கிற நேரம் இல்லை அது.

மேலே சொன்ன தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். ஆகவே நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை ஒட்டியிருப்பது பக்கவாட்டில். புதுத் தண்ணீரில் அரை ஸ்பூன் துணி சோப்புத் தூள் கலந்தால் எறும்பு மிதந்து கடக்க முடியாமல் மூழ்கும், கொசுப் புழுவும் பிழைக்காது.

இனி மருந்து. எங்கள் கணக்கில் வீட்டு எறும்பால் வரும் பெரிய ஆபத்தே இதுதான். சமையலறையில் வெள்ளைப் பொடி எதைத் தூவினாலும் ஒருநாள் அது கோலமாவோ, உப்போ, மைதாவோ என்று யாராவது எடுத்துவிடுவார்கள். எறும்பு சாக்பீஸில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. தவழும் குழந்தைக்கு அது எழுதுகிற சாக்பீஸ். இன்னமும் சிலர் "கமாக்சின் பொடி" கேட்கிறார்கள். அதில் இருக்கும் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லி 1997-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இவையெல்லாவற்றையும்விட மோசம், வயலுக்கு வாங்கிய குருணை மருந்தை வாசல்படியில் தூவுவது. அது உள்ளே போனால் வாயில் நுரை, வியர்வை, பேதி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது என்று வரும். வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கற்பூரமும் சாதுவில்லை. ஒரு வில்லையை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சர்க்கரை டப்பாவில் போட கிராம்பே போதும்.

பொடியும் ஸ்பிரேயும் வேலை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. வெளியே தெரியும் வரிசை கூட்டில் ஒரு பங்குதான், ராணி உள்ளே பத்திரமாக இருக்கும். ஆரம்பத்தில் சொன்ன மருத்துவமனை மஞ்சள் சிற்றெறும்புக்கும், தலை கறுத்து உடம்பு வெளிறிய, நசுக்கினால் ஊசிப்போன தேங்காய் வாடை அடிக்கும் இன்னொரு பொடி எறும்புக்கும் ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. ஸ்பிரே அடித்தால் கூடு உடைந்து பிரிந்து, ஒன்று மூன்றாகும்.

இவற்றுக்குச் சரியானது மெதுவாகக் கொல்லும் இரை. 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட். தராசு இல்லாவிட்டால் சர்க்கரை இரண்டு டீஸ்பூன், போரிக் பவுடர் தலைதட்டிய கால் டீஸ்பூன். கேரம் போர்டில் தூவுவது பெரும்பாலும் இதுதான் என்றாலும், மருந்துக் கடையில் பெயர் போட்டு விற்பதை வாங்குங்கள். அதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடை வெங்காரம் (போராக்ஸ்) என்றால் ஒன்றரை கிராம். மருந்து கூடினால் நல்லது என்று இரண்டு ஸ்பூன் போட்டால், எறும்பு தொடாது, அல்லது கூட்டுக்குப் போவதற்குள் வழியிலேயே செத்துவிடும். குடித்துவிட்டுப் போய் ராணிக்கும் புழுவுக்கும் ஊட்ட வேண்டும் என்பதால்தான் இந்த ஒரு சதவீதம்.

பஞ்சை அதில் நனைத்து பாட்டில் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில், குழந்தையும் நாய் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சில கிராம் போரிக் ஆசிடே கைக்குழந்தைக்கு ஆபத்து. மீதிக் கரைசலைப் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, பெயர் எழுதிப் பூட்டி வைக்கவும். முதல் நாள் எறும்பு இரண்டு மடங்காக மொய்க்கும். அது நல்ல அறிகுறி, கை வைக்காதீர்கள். பஞ்சு காய்ந்தாலும் புளித்தாலும் திரும்பிப் பார்க்காது, ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். சர்க்கரைத் தண்ணீரைச் சீண்டாமல் வடைத் துணுக்குக்கு ஓடும் எறும்பென்றால், 20 கிராம் வேர்க்கடலை விழுதில் அதே 1 கிராமைப் பிசைந்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பக்கத்தில் ஸ்பிரே, பினாயில், மஞ்சள் தூள் எதுவும் வேண்டாம், வரிசை கலைந்துவிடும்.

வரிசை நின்ற பிறகு அது வந்த தடம் முழுவதையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஓட்டையை வெள்ளை சிமென்டால் அடையுங்கள். நிற்பதற்கு முன்பே அடைத்தால் அடுத்த அறையில் வழி கண்டுபிடித்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ஐப்பசி மழை பிடிக்கிற வாரம் புதிதாக ஒரு கூட்டம் சுவரேறும். அன்றைக்கு மறுபடி ஒரு மூடி, ஒரு பஞ்சு.