இட்லி மாவுத் தொழில்: திரும்பி வரும் பாக்கெட்டின் கணக்கு

45 வயதுக்கு மேல் கூடுதலாக ஒரு வருமானம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் வீட்டிலேயே தொடங்கக்கூடிய தொழில்களில் இட்லி மாவுக்கு முக்கியமான இடம் உண்டு. பொருள் தெரிந்தது, ருசி தெரிந்தது, வாங்குகிறவர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அளவைத்தான்: அரிசி நாலுக்கு உளுந்து ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா? அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்றைக்கு ஆட்டுகிற மாவில் எத்தனை பாக்கெட் கடையில் விற்காமல் திரும்பி வரும்?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உருட்டு உளுந்து 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 4 கிலோ அரிசி 200, 1 கிலோ உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 10. ஆக 340 ரூபாய்க்கு ஏறக்குறைய 12 கிலோ மாவு கிடைக்கும். கிலோவுக்கு 28 ரூபாய். கவர், லேபிள் 3, கரன்ட்டும் தண்ணீரும் 2, கொண்டுபோய்ப் போடும் பெட்ரோல் 3. எல்லாம் சேர்ந்து 36 ரூபாய். கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு உங்களுக்கு 48 தருகிறார் என்றால் கிலோவுக்கு நிற்பது 12 ரூபாய். 20 கிலோ போட்டால் 240.

அந்த 20-இல் 2 பாக்கெட் திரும்பி வந்தால்? வரவில் 96 ரூபாய் குறையும், செலவு அப்படியே நிற்கும். கையில் மிஞ்சுவது 144. பத்தில் ஒன்று திரும்பினால் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. 5 பாக்கெட் திரும்பினால் அன்றைய உழைப்புக்குக் கூலியே இல்லை. நல்ல மாவு ஆட்டத் தெரிந்தவர்களும் இந்தத் தொழிலை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் கடையில் தொடங்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் 20, 30 வீடுகளைப் பிடியுங்கள். பால் போடுவது போல வாடிக்கை வையுங்கள். முந்தைய நாள் இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்லிவிட வேண்டும். வந்த ஆர்டருக்கு மேல் ஒன்றிரண்டு கிலோவுக்குத்தான் அரிசி ஊறவேண்டும். வீட்டுக்கே 55 ரூபாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 19 நிற்கும், திரும்பி வருவதும் கிட்டத்தட்ட இருக்காது. அதே 20 கிலோவுக்கு 380 ரூபாய். வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதம் 26 நாள் என்றால் 9,880. இது குடும்பத்துக்குக் கை கொடுக்கும் தொகை. ஆனால் விட்டுவிட்ட சம்பளத்துக்கு ஈடாகாது. இந்தத் தொழிலை நம்பி இருக்கிற வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கு, முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

தேவை நாளுக்கு நாள் மாறும். சனி, ஞாயிறு கூடும். அமாவாசை, கிருத்திகை அன்று ஒருபொழுது இருக்கிற வீடுகளில் ராத்திரி பலகாரம்தான், அன்றும் கூடும். தீபாவளிக்கு முந்தைய நாள் நீங்கள் ஆட்டுவது பத்தாது. பொங்கலன்று யாரும் கேட்கமாட்டார்கள். மே மாதம் பாதி வீடுகள் ஊருக்குப் போய்விடும். முதல் ஆண்டு முழுக்க ஒரு தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அன்று விற்ற கிலோவை எழுதி வையுங்கள். இரண்டாம் ஆண்டு அதைப் பார்த்து ஊறப்போடலாம்.

இனி மாவு. 4 கிலோ இட்லி அரிசியை நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். 1 கிலோ முழு உளுந்தை 40 கிராம் வெந்தயத்தோடு ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். வெயில் காலத்தில் அதை ஃபிரிட்ஜுக்குள் ஊறவைப்பது நல்லது. உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்டுங்கள். 1 கிலோ நல்ல உளுந்து ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் வரை தண்ணீர் வாங்கும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அமிழ்ந்தால் இன்னும் பொங்கவில்லை என்று பொருள். அதை எடுத்துவிட்டு அரிசியைப் போட்டு, விரலில் நைஸ் ரவை போல நெருடும் பதத்தில் நிறுத்துங்கள். மையாக ஆட்டிவிட்டால் இட்லி பிசுபிசுக்கும். இரண்டு மாவையும் ஒன்றாக உப்புப் போட்டுக் கரையுங்கள். உப்பு 12 கிலோ மாவுக்கு சுமார் 120 கிராம்.

உளுந்துதான் ஆளை ஏமாற்றும். பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது, தண்ணீரும் வாங்காது. அதைத் தெரியாமல் வழக்கமான தண்ணீரை விட்டால் மாவு நீர்த்துப்போய் இட்லி தட்டையாக விழும். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்த அன்றே 100 கிராம் ஊறவைத்து, வீட்டு மிக்சியில் அளந்த தண்ணீரில் அரைத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாவாக ஆக்கி விற்றுவிட்டால் வாடிக்கையாளரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அரிசியையும் அடிக்கடி மாற்றாதீர்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மலிவு என்று ரேஷன் அரிசியைத் தொழிலுக்கு வாங்காதீர்கள், அது குற்றம்.

மாவு புளிப்பதற்கு உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் பாக்டீரியாக்கள் காரணம். அவை அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. சூடு ஏற ஏற அவற்றின் வேகம் கூடும். கிரைண்டர் கல் உரசி உரசி மாவைச் சூடாக்கும் என்பதை மறந்துவிடுகிறவர்கள்தான், "காலையில் ஆட்டினேன், சாயங்காலமே கவர் உப்பிவிட்டது" என்று வருகிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜ் தண்ணீரை விடுங்கள். ஆட்டி முடித்ததும் புறங்கையை மாவில் வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியக்கூடாது.

அடுத்த தவறு, 12 கிலோ மாவை அண்டாவோடு ஃபிரிட்ஜில் தூக்கி வைப்பது. ஓரம் மட்டும் குளிரும். நடுவில் இருக்கும் மாவு மணிக்கணக்கில் சூடாகவே இருந்து புளித்துக்கொண்டிருக்கும். கரைத்ததும் 1 கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டு ஒட்டி, ஃபிரிட்ஜ் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் படுக்கவையுங்கள். புளிக்காத மாவாகவே மாலையில் கொடுத்து, ராத்திரி வெளியில் வைத்தால் காலை இட்லிக்கு ஆகும் என்று சொல்லிவிடுவதுதான் சிறிய அளவில் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி. வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும்; மார்கழியில் 12 மணி நேரம் ஆனாலும் ஆகும். இதை லேபிளிலேயே அச்சடித்துவிட்டால் "உன் மாவு பொங்கவே இல்லை" என்கிற குறை பாதியாகக் குறையும். குளிர்காலத்துக்காக ஆப்பசோடா சேர்க்கும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். வீட்டு மாவு என்று நம்பித்தான் உங்களிடம் வாங்குகிறார்கள்.

தண்ணீர் உப்பாக இருந்தால் எல்லா வேலையும் வீண். கடலோர ஊர்களில் போர் தண்ணீரில் ஆட்டிய மாவு ருசியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கழுவுவதற்கு எதுவானாலும், கடைசி அலசலுக்கும் ஊறவைக்கவும் ஆட்டவும் குடிநீரே வேண்டும்.

முதல் மாதம் வீட்டில் இருக்கும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் போதும். ஒரு தடவைக்கு 1 கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும். நடுவில் அரை மணி நேரம் மோட்டாரை ஆறவிட்டால் ஒரு நாளைக்கு 6 கிலோ மாவு வரை தாங்கும். அதற்குமேல் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் கருகும். 30 நாள் தவறாமல் 6 கிலோவும் விற்கிறது என்றால் சாய்த்து மாவைக் கொட்டும் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டருக்குப் போகலாம். கோவை கிரைண்டர்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு. எந்த ஊரில் வாங்கினாலும், அந்த மாடலுக்குப் பெல்ட்டும் உதிரிபாகமும் உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புதுக் கல்லில் இரண்டு மூன்று முறை மட்டமான அரிசியை ஆட்டிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவில் கல்துகள் வரும். நாளாக ஆகக் கல் மழுங்கும். வழக்கமாக அரை மணியில் முடிகிற உளுந்துக்கு முக்கால் மணி ஆகிறது, மாவும் சூடாகிறது என்றால் கல்லைக் கொத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஈரத் தரையில் நின்று மின்சாரத்தோடு செய்யும் வேலை இது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்வது விதிமீறலாகலாம், பிடிபட்டால் அபராதமும் வரலாம். அளவு கூடும்போது மின்வாரிய அலுவலகத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதுகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 25 வயதில் தூக்கியதை 50 வயதில் தூக்க முடியாது. 4 கிலோ அரிசி ஊறிய வாளி தண்ணீரோடு 10 கிலோவைத் தாண்டும். குனிந்து தரையிலிருந்து தூக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, அதன்மேல் ஊறவைக்கும் பாத்திரம், 5 கிலோ கொள்ளும் சின்ன வாளிகள் என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டருக்குக் கொடுக்கும் காசைவிட அந்த மேடைக்குக் கொடுக்கும் காசு பல ஆண்டுகள் உழைக்கும். விடியற்காலை 4 மணிக்கு எழவும் தேவையில்லை: காலை 7 மணிக்கு அரிசி, பத்தரைக்கு உளுந்து, 12-க்குக் கிரைண்டர், ஒன்றரைக்குப் பாக்கெட், 4 மணியிலிருந்து வீடு வீடாக. ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலைக்குப் போகிறவருக்கு இந்த நேரம் ஒத்துவராது. வீட்டில் இன்னொருவர் பாதி வேலையை ஏற்றுக்கொண்டால்தான் முடியும். அவருடைய உழைப்புக்கும் கணக்கில் கூலி எழுதுங்கள்.

காகித வேலை அதிகம் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவை அதன் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் ஆன்லைனிலேயே செய்யலாம். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். லேபிளில் அந்த எண், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பாக்கெட் செய்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நாள், பெயர், முகவரி, போன், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். எடைத்தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புளிக்கப் புளிக்க அளவு கூடும் பொருள் என்பதால் லிட்டர் கணக்கில் விற்காதீர்கள், எடைதான் சரி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பாக்கெட்டைக் கேரி பேக்கில் போட்டுக் கொடுக்க முடியாது. பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு 2 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் கவர் செலவும் மிச்சம்.

பணத்துக்கு பி.எஃப்.பில் கை வைக்காதீர்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் உண்டு. ஒரு கிரைண்டருக்கு அது போதும். அதையும் அந்த 30 நாள் விற்பனைக் கணக்கு கையில் இருக்கும்போது போய்க் கேளுங்கள்.

வீடுகள் நிலைத்த பிறகு கடைகளுக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் பத்துப் பாக்கெட் போடாமல் மூன்று போடுங்கள். மூன்றும் தீர்ந்தால் மறுநாள் நான்கு. ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட கடையில் எவ்வளவு நல்ல மாவும் விடிவதற்குள் உப்பிவிடும், கெட்ட பெயர் உங்களுக்குத்தான். திரும்பி வருகிற பாக்கெட்டை அடுத்த நாள் மாவில் கலக்கக்கூடாது. ஒரு கிலோ புளித்த மாவு பத்துக் கிலோவைக் கெடுக்கும்.

20 கிலோவுக்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை என்றால் கிலோவைக் கூட்டாமல் சாமானைக் கூட்டுங்கள். அதே வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு மாவு, ஒரு நாள் அடை மாவு, எப்போதும் 100 கிராம் இட்லிப் பொடி. பொடி ஒரு மாதம் கெடாது, ஃபிரிட்ஜில் இடம் கேட்காது, திரும்பியும் வராது.