சொய்ந்துலா: தீக்கும் கடனுக்கும் தப்பியவை

நனைமோவில் ஃபெரியை விட்டு இறங்கி, கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் தீவின் வடக்கு நோக்கி நாலு மணி நேரம் கார் ஓட்டினால் போர்ட் மெக்நீல் வரும். அங்கே இன்னொரு ஃபெரி. 25 நிமிடத்தில் மால்கம் தீவு. கரையோரம் மரவீடுகள், படகுக் கொட்டகைகள், நல்ல குளிர்காற்று. ஊரின் பெயர் சொய்ந்துலா. ஃபின்னிஷ் மொழியில் ‘இசைவு குடியிருக்கும் இடம்’ என்று அர்த்தம்.

இங்கே உள்ள சின்ன அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்காகவே வந்தேன். நடத்துவது ஊர்க்காரர்களே. அன்று பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். நான் ஃபின்லாந்துக்காரன் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. “எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டார். கடைசி ஃபெரி வரைக்கும் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

நான் வழியில் கடந்து வந்த நனைமோவில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. அங்கே நிலக்கரிச் சுரங்கங்களில் உழன்ற ஃபின்லாந்துத் தொழிலாளர்கள், முதலாளி இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்க ஆசைப்பட்டார்கள். மத்தி குரிக்கா என்ற பத்திரிகையாளரைத் தலைமை தாங்க அழைத்தார்கள். ‘கலேவன் கன்சா’ என்ற பெயரில் நிறுவனம் அமைத்து, 1901-ல் இந்தத் தீவை அரசிடமிருந்து பெற்றார்கள். சொத்து பொது, பெண்களுக்கும் ஓட்டு, ஆண்களுக்கு இணையான கூலி. ‘ஐக்கா’ என்று சொந்தப் பத்திரிகை வேறு. கனடாவின் முதல் ஃபின்னிஷ் பத்திரிகை அதுதான்.

1903 ஜனவரியில் ஓர் இரவு, குடும்பங்கள் தங்கியிருந்த மூன்று மாடி மரக்கட்டடம் தீப்பிடித்தது. 11 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய சாவு. நேற்றுத் துக்கம் கேட்டு வந்தவர் போலப் பேசினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதன் பிறகு கடன். வான்கூவர் பக்கத்தில் பாலம் கட்டும் வேலையை மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, மாதக்கணக்கில் உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1904-ல் குரிக்கா பிரிந்து போனார், பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். 1905-ல் நிறுவனம் கலைந்தது. குரிக்காவின் நண்பர் மாக்கெலா மட்டும் தீவை விடவில்லை. பிற்பாடு இங்கேயே கலங்கரை விளக்கத்தைக் கவனித்துக்கொண்டார். எனக்கு அவரைத்தான் பிடித்துப்போயிற்று.

இந்தத் தோல்வியை இவர்கள் பூசி மெழுகவே இல்லை. தாத்தா பாட்டிகள் சண்டை போட்டது, கணக்கில் கோட்டை விட்டது எல்லாவற்றையும் வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். ஒரு ஊர் தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

மீன்பிடிச் சாமான்கள் இருந்த பக்கம்தான் ரொம்ப நேரம் நின்றேன். வலை பின்னும் மர ஊசி ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவில் நாக்கு போல ஒரு முனை. நூலை அதில் மாட்டி மாட்டிச் சுற்ற வேண்டும். பெருவிரல் படும் இடம் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எத்தனை பனிக்காலம் வலை பின்னிய விரலோ!

சால்மன் பிடிக்கும் செவுள் வலையை முன்பெல்லாம் கையால்தான் இழுப்பார்கள். ஈரவலையின் கனம் இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். 1931-ல் இவ்வூர்க்காரர் லாரி யார்வலைனன், நூற்கண்டில் நூலைச் சுற்றுவது போல வலையைச் சுற்றி எடுக்கும் இயந்திர உருளையைச் செய்தார். தனி ஆளே படகை நடத்தலாம் என்றானது. பசிபிக் கரை முழுக்க அது பரவியது.

“என் பாட்டி ஃபின்னிஷில் எழுதிய கடிதங்களை என்னால் பாதிதான் வாசிக்க முடியும். என் பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் முடியாது” என்றார் அம்மா. அதனால்தான், வாசிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அர்த்தம் கேட்டு எழுதி வைக்கிறாராம். பழைய படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர்கள். பெயர் தெரியாத முகங்களைத் தனியே எடுத்து வைத்திருந்தார். ஊர்ப் பெரியவர் யார் உள்ளே வந்தாலும் முதலில் அவற்றைத்தான் நீட்டுவாராம்.

ஃபெரிக்கு அரைமணி நேரம் இருந்தது. 1909-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை இன்னும் நடக்கிறது. போய் ரொட்டி வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் கல்லாவில் இருந்த பெண் பணம் கேட்கவில்லை. உறுப்பினர் எண்ணைத்தான் கேட்டாள்.