எழினி என்று பதிவேட்டில் ஏற்றுவது: வழக்கத்தில் இல்லாத பெயரைப் பதிந்த அனுபவம்

குழந்தைக்கு எந்தப் பெயரை வைப்பது என்பதில் இந்தியச் சட்டம் தலையிடுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் அனுமதித்த பெயர்களின் பட்டியலும் கிடையாது, விலக்கிய பெயர்களின் பட்டியலும் கிடையாது. ஐஸ்லாந்தில் பட்டியலில் இல்லாத பெயர் என்றால் அதற்கென்று இருக்கிற குழுவின் ஒப்புதல் வேண்டும். இங்கே அப்படி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. தொல்லை தருவது மூன்று விஷயங்கள்: எழுத்துக்கூட்டல், இனிஷியல், ஒருமுறை ஏறிய பெயர் லேசில் இறங்காது என்பது. மகளுக்கு 'எழினி' என்று பதிந்தபோது கற்றுக்கொண்டதைத் தமிழ்நாட்டு நடைமுறைப்படி எழுதுகிறோம். அரிதான எந்தப் பெயருக்கும் இது பொருந்தும்.

வேலை கர்ப்பகாலத்திலேயே தொடங்கிவிடுகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து வாங்குகிற 12 இலக்க பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவு நகராது. அந்தப் பதிவில் தாயின் பெயர் எப்படி ஏறியிருக்கிறதோ அப்படியேதான் ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டுக்கும், அங்கிருந்து பதிவாளருக்கும் போகும். ஆதாரில் அப்பா இனிஷியல், ஆஸ்பத்திரியில் கணவர் இனிஷியல் என்று இரண்டு விதமாக இருந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒன்றாக்கிவிடுங்கள். குழந்தையின் பெயர் காத்திருக்கும். பெற்றோர் பெயரில் விழுந்த பிழையை அப்புறம் திருத்த, நீங்கள்தான் நீங்கள் என்பதற்கே ஆதாரம் கேட்பார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அந்தப் படிவத்தில் குழந்தையின் பெயருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடலாம். அரிதான பெயர் வைக்கப்போகிறவர்கள் கட்டாயம் காலியாகவே விட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிரசவ வார்டின் அவசரத்தில் வாய்வார்த்தையாகச் சொன்ன 'எழினி', தாளில் 'எழிலி'யாகவோ 'எழிலினி'யாகவோதான் இறங்கும். எழுதுகிறவர் தனக்குப் பழகிய பெயரைத்தான் காதில் வாங்குவார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

காலியாக விட்டால் பெயரில்லாத சான்றிதழ் வரும். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 15 ஆண்டு தாண்டினால் விதி கதவைச் சாத்திவிடும். ஆக, முழுதாக ஓர் ஆண்டு அவகாசம் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு எழுத்து பார்ப்பவர்கள், எண்கணிதத்துக்கு எழுத்தைக் கூட்டிக் குறைப்பவர்கள் எல்லோரும் இந்த ஓர் ஆண்டுக்குள் தங்கள் பஞ்சாயத்தை முடித்துக்கொள்ள வேண்டும். பெயரைப் பதிந்த பிறகு, இன்னொரு 'ஐ' சேர்த்தால் யோகம் என்று யாராவது சொல்லி, அதற்காகச் சான்றிதழை மாற்றக் கிளம்புகிறவர்கள் பாடு பெரும் பாடு.

பெயர் சேர்க்கப் போக வேண்டிய இடம், குழந்தை பிறந்த ஊரின் பதிவாளர் அலுவலகம். குடியிருக்கும் ஊர் இல்லை. முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது இங்கே வழக்கம் என்பதால் பலர் இதில் தடுமாறுகிறார்கள். திண்டுக்கல்லில் பிறந்த குழந்தைக்குச் சென்னையில் பெயர் சேர்க்க முடியாது. தாயும் குழந்தையும் பிறந்த ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. பெயரில்லாத சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஆதார் நகல், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட்ட விண்ணப்பம், இவை போதும். சட்டத்தின் 14-ஆம் பிரிவு 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' தகவல் தரலாம் என்கிறது. ஒருவர் போனாலும் செல்லும். ஆனால் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்கிற கவுண்டர்களும் உண்டு. பிரிந்து வாழும் ஒரு தம்பதிக்குப் பெயரில் ஒத்துப்போகாமல், பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்காமல், 2023-ல் கேரள உயர் நீதிமன்றமே அந்தக் குழந்தைக்குப் பெயரைத் தேர்ந்து கொடுக்க வேண்டி வந்தது. கருத்து வேறுபாடு இருந்தால் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு கிளம்புவது மேல்.

விண்ணப்பத்தில் பெயரைத் தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பெரிதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தில். புள்ளி, ஹைபன், மேற்கோள் குறி எதுவும் வேண்டாம். இன்றைக்கு ஏற்றுக்கொண்டாலும் நாளைக்கு பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற வரியில் இவை காணாமல் போகும். அந்த வரியில் பெயருக்கு இருப்பது 39 இடம்தான், சொற்களுக்கு நடுவே வரும் நிரப்புக் குறியும் அதற்குள் அடக்கம். எழினிக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று சொல்லில் தூய தமிழ்ப் பெயர் வைத்து, அதோடு அப்பா பெயரையும் சேர்ப்பவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ழகரம் வரும் பெயருக்கு ஆங்கில எழுத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 'இசட்-எச்' என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பிடிபடும். வெளிமாநிலத்தில் அதை 'எஸினி' என்பார்கள். வெறும் 'எல்' போட்டால் உலகம் முழுக்க 'எலினி' என்று சுலபமாகக் கூப்பிடுவார்கள், ழகரம் போய்விடும். நாங்கள் 'இசட்-எச்' பக்கம். தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி மாநில அரசே 2020 ஜூனில் ஒரு பட்டியல் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. ஆகவே சரியான எழுத்து எது என்று தேடுவதை விட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுவதுதான் காரியம்.

இனிஷியல் விவகாரம் இதைவிடச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் தாய் பெயரும் தந்தை பெயரும் தனித்தனியே இருப்பதால், குழந்தையின் பெயரோடு இனிஷியல் போட வேண்டிய அவசியமில்லை. போட்டால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை விரித்து எழுதச் சொல்வார்கள், சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அப்போதே வேறாகிவிடும். போடாமல் 'எழினி' என்று மட்டும் விட்டால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அது சட்டப்படி சரி. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சிடுவார்கள். ஆசையாய்த் தேடி வைத்த பெயருக்கு இப்படி ஒரு மரியாதை.

எனவே பெயர் சேர்க்கும்போதே இரண்டாவது சொல்லாகப் பெற்றோரில் ஒருவர் பெயரை முழுதாக எழுதிவிடுவதைப் பரிந்துரைக்கிறோம்: 'எழினி குமரன்' என்றோ 'எழினி கயல்விழி' என்றோ. அது தந்தை பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று பதிவுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இதெல்லாம் பெயரா, சாமி பெயர் ஏதாவது வையுங்களேன், ஆணா பெண்ணா என்றே தெரியவில்லையே என்று கவுண்டரில் பேச்சு வரும். பதில் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயர் பிடிக்கவில்லை என்று மறுக்கும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. உண்மையிலேயே மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2023 திருத்தத்தின்படி 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் எழுத்தில் கேட்டதுமே வேலை நடந்துவிடும்.

கணினியில் ஏற்றும்போது திரையைப் பார்க்க வேண்டும். ஒப்புதல் கொடுப்பதற்கு முன் தமிழ்ப் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்திலிருந்து தானாகத் தமிழாக்கும் மென்பொருளில் எழினி 'எஸ்ஹினி' ஆகிவிடலாம். அச்சான பிறகு கண்டுபிடித்தால் 15-ஆம் பிரிவின்படி திருத்தம் கேட்க வேண்டும். அதிலும் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பெழுதித்தான் திருத்துவார்கள். பிழையைத் திருத்துவதற்கு மட்டுமே அந்த வழி. மனம் மாறி வேறு பெயர் வேண்டும் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியதுதான். அப்போதும் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே நிற்கும், போகுமிடமெல்லாம் அரசிதழ் நகலையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆவணம். முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்துச் சமாளித்தார்கள், இனி அது நடக்காது.

பெயர் ஏறிய சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதார். ஐந்து வயதுக்குக் கீழ் கைரேகை, கருவிழி எடுக்க மாட்டார்கள். பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைத்து நீல நிற 'பால் ஆதார்', அதாவது குழந்தைகளுக்கான ஆதார் தருவார்கள். மையத்தில் உங்கள் பக்கம் திரும்பிய ஒரு திரை இருக்கும். தமிழ் எழுத்தை அதில் மறுபடி சரிபாருங்கள், ஆங்கிலத்தைத் தட்டியதும் தமிழ் தானாக விழுவது இங்கேயும் உண்டு. ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. ஒப்புகைச் சீட்டில் பிழை தெரிந்தால் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.