பரங்கிமலைப் படிகளில் ஒரு வெள்ளிக்கிழமை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத பொழுதில் புறநகர் ரயிலில் வந்து பரங்கிமலை நிலையத்தில் இறங்கி, அடிவாரம் வரை நடந்தே போனேன். 19 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய அச்சகத்தில், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு மாலையில் சொல்லிவிட்டு, அந்த மாதக் கணக்கை முடித்து அனுப்பியிருந்தார்கள். வேலை போனதைவிட, தினமும் கூட நின்று தேநீர் குடித்தவர்கள் அதன்பின் என் அழைப்பை எடுக்காததுதான் உறைத்தது. "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்று தேற்றியவர்கள் மீது எரிச்சலே வந்தது. அந்தச் சொல் கேட்பவனைவிடச் சொல்பவருக்கே அதிகம் ஆறுதல் தருகிறது என்பது என் அபிப்பிராயம்.

உச்சி வரை வண்டிகள் போகச் சாலை உண்டு. சிலுவைப்பாதை செய்வோர், அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நின்று நின்று தியானித்துச் செபிப்போர், படிகளில்தான் ஏறுகிறார்கள். 1726இல் அவற்றைக் கட்டுவித்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இணங்க மறுத்துச் சொத்தை இழந்தவர். பெரும் செல்வந்தரோடு என்னை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் அவர் நினைவு வந்தது.

பாதி வழியில், செருப்பைக் கையில் பிடித்திருந்த ஒரு மூதாட்டி, "தம்பி, கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று நைந்துபோன செபப் புத்தகத்தை நீட்டினார். ஒன்பதாம் நிலை: இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். அதில் 'விழுகிறர்' என்று கால் விடுபட்டு அச்சாகியிருந்தது. கை தன்னால் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. பேனா இல்லை. நான் சரியாகவே வாசித்தேன், அவர் முழந்தாளிட்டார். அதன்பின் எஞ்சிய ஐந்து நிலைகளிலும் நான் வாசிக்க, அவர் பதில் சொன்னார்.

உச்சியில் இருப்பது 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம். 1547இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தின் பின்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிலும் எனக்குப் படிக்கத் தெரியாத பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். தூய தோமா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது இம்மலையில்தான் என்பது மரபு. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன சீடர் அவர். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைப் பலமுறை படித்திருந்தும், அன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது: மரணத்தையே வென்று வந்த உடலில் அந்தத் துளைகள் மூடப்படவில்லை. கைவிட்டு ஓடிய சீடர்களிடம் இயேசு காயங்களை மறைக்காமல் காட்டினார்; தோமா ஆண்டவரை அறிந்துகொண்டதும் அவற்றின் வழியாகத்தான். பிழையைத் தடம் தெரியாமல் நீக்குவதே பிழைப்பாக இருந்த எனக்கு, அந்த 19 ஆண்டுகளையும் அழித்துவிட்டால்தான் நிம்மதி என்ற நினைப்பு அங்கே சற்றுத் தளர்ந்தது. வலி அப்படியேதான் இருந்தது.

வெளியே, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தைப் பார்த்தபடி அந்த அம்மா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். "அடுத்த வெள்ளியும் வருவியா தம்பி? நீ படிச்சா நிறுத்தி, தெளிவா இருக்கு" என்றார்.

"வர்றேம்மா" என்றேன்.